"க்கா" என்றால் பதில் வேண்டும்

பெரம்பூரில் ஒரு மூன்றாம் மாடி வீடு. பால்கனிக் கம்பியில் வந்து உட்கார்ந்த காக்கையைக் காட்டி, ஒன்றேகால் வயதுப் பேத்தி "க்கா" என்கிறாள். சோறு பிசைந்துகொண்டிருக்கும் பாட்டி, "ஆமாண்டி செல்லம், காக்கா! அதுக்கும் பசிக்குதாம். ஒரு வாய் வைப்போமா?" என்கிறார். பேத்தி கையை ஆட்டுகிறாள்.

இந்தச் சின்ன உரையாடல் அவள் மூளைக்குள்ளும் வேலை செய்கிறது. பிறக்கும்போது நம் மூளையின் எடை, பெரியவர்கள் மூளையில் ஏறத்தாழ கால் பங்குதான். இரண்டு வயதுக்குள் அது முக்கால் பங்கைத் தொட்டுவிடும். நரம்பணுக்களில் பெரும்பாலானவை பிறவியிலேயே வந்துவிடுகின்றன. அதன்பின் மளமளவென்று பெருகுவது அவற்றுக்கு இடையிலான இணைப்புகள். தேவைக்கு மேலேயே முளைக்கும். அடிக்கடி புழங்குபவை உறுதிப்படும், மற்றவை காலப்போக்கில் உதிரும். குழந்தை காக்கையைப் பார்க்கும் அதே நொடியில் "காக்கா" காதில் விழுந்தால், பார்வையும் ஒலியும் கவனமும் ஒன்றாக வேலை செய்கின்றன. அந்தப் பாதை புழக்கத்துக்கு வருகிறது.

அப்படியானால் ஃபோனில் காக்கா பாட்டு போட்டால் போதாதா? ஃபோன் இல்லாமல் சோறு இறங்காத வீடுகளில் என் வீடும் ஒன்று என்பதால் கேட்கிறேன். அமெரிக்காவின் சியாட்டில் நகரில், குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பாட்ரீசியா குல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் 12 முறை நேரில் விளையாடினார்கள். அந்த மொழியின் ஒலி வேறுபாடுகள் குழந்தைகளுக்குப் பிடிபட்டன. அதையே திரையில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் பதியவில்லை. திரை பேசும்; குழந்தை காட்டும் பக்கம் திரும்பிப் பார்க்காது.

விலை கூடிய பொம்மைகளும் வேண்டியதில்லை. ஜமைக்காவில் 1980-களில், உடல் வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம் என்று இரண்டு ஆண்டுகள் போனார்கள். வீட்டுப் பொருள்களில் செய்த பொம்மைகளை வைத்து, எப்படி விளையாடுவது என்று அம்மாக்களுக்குக் காட்டினார்கள். இருபது ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளைகள், அந்த வருகை கிடைக்காத அதேபோன்ற பிள்ளைகளைவிடச் சுமார் 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள்.

நம் பருப்பு கடையும் விளையாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையால் கடைந்து, ஒவ்வொரு விரலுக்கும் ஒரு வாய் ஊட்டி, நண்டுபோல விரல்களை ஊர்ந்து ஏற்றி, அக்குளில் கிச்சுகிச்சு. ஒரே வரிசை, தினமும். முதலில் அக்குளைத் தொட்டால்தான் சிரிப்பு. சில நாளில் நண்டு மணிக்கட்டைத் தாண்டும்போதே தோள் குறுகும்: அடுத்து வருவதை மூளை கணித்துவிட்டது. பாட்டி வேண்டுமென்றே நடுவில் நிறுத்துவார். அந்த இடைவெளியில்தான் குழந்தையின் முறை. ஒன்றிரண்டு நொடி பிடிக்கும், அவசரப்படுத்தக் கூடாது. கண்ணைப் பார்க்கும், "ம்" என்னும், கையை இன்னும் நீட்டும்.

இப்போது பெரம்பூர்ப் பேத்தி, பாட்டியின் உள்ளங்கையை இழுத்துவைத்துத் தானே கடைகிறாள். சோறு ஆறிக்கொண்டிருக்கிறது.