பில் கேட்டார்கள், நோயைக் கேட்கவில்லை: எல்லைத் தோட்டங்களும் அயல் உயிரினச் சட்டங்களும்

வேலந்தாவளம், ஒழலப்பதி, கோபாலபுரம் என்று பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் பயிர்ப் பாதுகாப்பு ஆலோசகராக நான் சுற்றிவரும் ஊர்களில், தோப்பு கேரளத்திலும் வீடு தமிழ்நாட்டிலுமாக இருப்பவர்கள் பலர். வீட்டில் பேசுவது தமிழ், கிருஷி பவன் என்னும் கேரள வேளாண் அலுவலகத்தில் மனு எழுதுவது மலையாளம், உரம் வாங்குவது பொள்ளாச்சியில் என்று வாழும் அவர்களுக்கு மாநில எல்லை என்பது பேருந்துக் கட்டணம் மாறும் இடம் மட்டுமே. அந்த எல்லையைத் தாண்டிச் செல்லும் கன்றுக்கும் செடிக்கும் மீன்குஞ்சுக்கும் சட்டம் ஏதாவது உண்டா என்று என்னிடம் கேட்டவர்கள் மிகச் சிலர். கேட்டவர்களும் பெரும்பாலும் நட்டம் வந்த பிறகே கேட்டார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் நேந்திரன் வாழை வைத்திருந்தார். நட்டு மூன்று மாதமாகியும் கன்று நிமிரவில்லை என்று அழைத்துப் போனார். இலைகள் குறுகி விறைப்பாக நின்றன; குருத்துப் பக்கம் எல்லா இலைகளும் ஒன்றாகக் கொத்தாய் நெருங்கியிருந்தன; இலைக்காம்பின் அடியில் கரும்பச்சைக் கோடுகளும் புள்ளிகளும் விட்டுவிட்டுத் தெரிந்தன. முடிக்கொத்து நோய்தான். இலங்கையிலிருந்து 1940 வாக்கில் கேரளத்துக்குள் நுழைந்ததாகக் கருதப்படும் இந்த வைரஸ் நோய்க்கு இன்றும் மருந்து இல்லை. கீழ்ப்பழனி மலையில் விருப்பாட்சி வாழை அருகிப்போனதற்கு இதுவே முதன்மையான காரணம். ஒரு தோட்டத்துக்குள் இதைப் பரப்புவது வாழை அசுவினி என்ற சாறுறிஞ்சும் சிறு பூச்சி. ஆனால் நூறு கிலோமீட்டர் தாண்டிக் கொண்டுசேர்ப்பது அசுவினி அல்ல, மனிதன் லாரியில் ஏற்றும் கன்று.

கன்றுகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டேன். வேறொரு மாவட்டத்திலிருந்து லாரியில் வந்ததாகவும், பாதியைத் தாம் வைத்துக்கொண்டு மீதியைச் சம்பந்தி வீட்டுக்கு எல்லை தாண்டி அனுப்பிவிட்டதாகவும் சொன்னார். “வழியில வண்டிய நிறுத்துனாங்க சார், பில்லு கேட்டாங்க. கன்னுல என்ன இருக்குதுன்னு ஒருத்தரும் கேக்கலீங்க” என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது வணிகவரிச் சாவடிகளும் மூடப்பட்டன. அதற்கு முன்பும் அங்கே பார்த்தது வரியைத்தானே தவிர வாழைக்கட்டையை அல்ல.

அவர் அறியாத செய்தி ஒன்று உண்டு. அழிவுதரும் பூச்சிகள் மற்றும் பீடைகள் சட்டம் என்று 1914இல் பிரிட்டிஷ் இந்தியாவில் இயற்றப்பட்ட சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் செடி, விதை, பூச்சி ஆகியவற்றைத் தடுக்கவோ நெறிப்படுத்தவோ மத்திய அரசுக்கு அது அதிகாரம் தருகிறது. அத்துடன், ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போவதைத் தடுக்கும் அதிகாரமும் அதன் 4ஏ பிரிவில் இருக்கிறது. அந்தப் பிரிவின் கீழ் உள்நாட்டுத் தடைக்கு உட்பட்ட நோய்களில் வாழை முடிக்கொத்தும் ஒன்று. கன்றுகள் வெளியே செல்லக் கூடாத மாநிலங்களில் கேரளமும் தமிழ்நாடும் இரண்டுமே அடங்கும். அதாவது, நம் எல்லையில் அன்றாடம் நடக்கும் கன்று வியாபாரத்தைத் தொடும் மத்திய ஏற்பாடு ஏட்டில் பல காலமாக இருக்கிறது. நீலகிரி உருளைக்கிழங்கிலும் இதே ஏற்பாட்டைக் காணலாம். வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு 1961இல் ஊட்டியில் கண்டறியப்பட்டபின், 1971இல் அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே செல்வது தடுக்கப்பட்டது.

இதற்கு அடுத்த படியில் மாநிலச் சட்டங்கள் வருகின்றன. மதராஸ் மாகாணத்தின் வேளாண் பூச்சிகள் மற்றும் நோய்கள் சட்டம் 1919ஆம் ஆண்டினது. கோவைப் பகுதியில் கம்போடியா ரகப் பருத்தியின் மார்களை, அதாவது பறித்து முடிந்த செடிகளை, குறித்த நாளுக்குள் பிடுங்க வேண்டும் என்ற கட்டாயம் இதன் கீழ்தான் வந்தது. பழைய மலபார் மாவட்டம் மதராஸின் பகுதியாக இருந்ததால் பாலக்காட்டில் அந்தச் சட்டம் செல்லுபடியானது. பக்கத்திலிருக்கும் சித்தூரோ கொச்சி அரசைச் சேர்ந்தது. கேரளம் உருவான பிறகு 1958இல் வந்த சட்டம்தான் இரண்டையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது. இரு மாநிலச் சட்டங்களின் கருவும் ஒன்றே: அரசு ஒரு பூச்சியையோ நோயையோ களையையோ அறிவித்துவிட்டால், அந்தப் பகுதியில் நிலம் வைத்திருப்பவர் சொன்ன நடவடிக்கையைச் செய்தாக வேண்டும், அவர் செய்யாவிட்டால் அலுவலர் உள்ளே வந்து தாமே செய்து செலவை அவரிடம் வசூலிக்கலாம். ‘என் தோட்டம், என் இஷ்டம்’ என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. அரசுகள் இந்த அதிகாரத்தைக் கையிலெடுப்பது அரிது என்பதால் விவசாயிக்கு இது தெரியாமலே போய்விட்டது என்பது என் எண்ணம்.

அந்த வாழைத் தோட்டத்தில் முதலில் அசுவினிக்கு மருந்து தெளித்த பிறகே நோயுற்ற மரங்களைக் கட்டையோடு தோண்டி அழித்தோம். தெளிக்காமல் தோண்டினால் சிறகுள்ள அசுவினி அடுத்த தோட்டத்துக்குப் பறந்துவிடும். சம்பந்தி வீட்டுக்கும் அவரே தொலைபேசியில் சொன்னார். அந்த உரையாடல் அவ்வளவு இனிமையாக இல்லை.

உள்ளூர்ச் சட்டம் சரியாக இயங்கினாலும் தாமதமாகிவிடும் நிலைகளும் உண்டு. 2016இல் பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் தென்னை ஓலையின் அடிப்பக்கம் மெழுகுபோன்ற வெண்மையான வட்டங்கள் தோன்றின. கீழே இருந்த வாழை, கொய்யா, கறிவேப்பிலை எல்லாவற்றின் மீதும் தேன்போன்ற கழிவு சொட்டி, அதன்மேல் கரும்பூஞ்சணம் படர்ந்தது. மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது நம் இரு மாவட்டங்களில்தான். அது எந்தச் செடியோடு எந்த வழியாக வந்தது என்பதைத் தேடி இப்போது பயனில்லை. அடுத்த சில ஆண்டுகளில் ஆந்திரம், கர்நாடகம் வரை பரவியது. தென்னை நாற்றும் அலங்காரப் பனைச்செடியும் போன வழியெல்லாம் அதுவும் போனது.

அன்று நம்மில் பலர் செய்த பிழை, கையில் கிடைத்த பூச்சிமருந்தையெல்லாம் அடித்தது. சித்தூர் வட்டத்தில் கள் இறக்கும் தோப்புகள் மிகுதி. கள் மரத்துக்கு வேர்வழி மருந்து கட்டினால் அது எங்கே போய்ச் சேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. உண்மையில் அந்த ஈயைப் பெருமளவு கட்டுப்படுத்தியது என்கார்சியா குவாடலூப்பே என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவி. மருந்து அடித்த தோப்பில் முதலில் செத்தது அந்தக் குளவிதான். விசைத்தெளிப்பானால் தண்ணீரைப் பீய்ச்சி ஓலையின் அடிப்பக்கத்தைக் கழுவுவது, மஞ்சள் ஒட்டுப்பொறி வைப்பது, குளவி இருக்கும் ஓலையை வெட்டி இல்லாத தோப்பில் கட்டுவது ஆகியவற்றையே இன்றும் பரிந்துரைக்கிறேன்.

நன்மை செய்யும் பூச்சியையும் சும்மா கொண்டுவந்துவிட முடியாது என்பதை இங்கே சொல்லவேண்டும். 2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டு, மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று பரவியபோது, அதன் இயற்கை எதிரியான அசெரோஃபேகஸ் பப்பாயே குளவி 2010இல் போர்ட்டோரிகோவிலிருந்து பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் ஆய்வு நிறுவனத்தின் வழியாக, அனுமதி பெற்று, பாதுகாப்பு ஆய்வுகளுக்குப் பிறகே வயலில் விடப்பட்டது. தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை, 2003 என்பது இறக்குமதியாகும் விதை, செடி மட்டுமல்லாமல், உயிருள்ள பூச்சியையும் நுண்ணுயிரையும் கட்டுப்படுத்துகிறது. கேடு வரும் வழியும் தீர்வு வரும் வழியும் ஒரே வாசல். அதை முறையாகத் திறந்தால் மாவுப்பூச்சி அடங்கும், புறவாசலைத் திறந்தால் வெள்ளை ஈ வரும்.

வெளிநாட்டிலிருந்து வந்ததெல்லாம் தீது என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். மிளகாய், மரவள்ளி, ரப்பர், மக்காச்சோளம் எதுவும் நம் மண்ணில் தோன்றியவை அல்ல. பல்லுயிரியத்துக்கான ஐ.நா. சார்ந்த அறிவியல் குழு ஐ.பி.பி.இ.எஸ். 2023இல் வெளியிட்ட அறிக்கை, மனிதச் செயலால் உலகெங்கும் புதிய இடங்களில் நிலைகொண்ட அயல் இனங்கள் 37,000க்கு மேல் என்றும், அவற்றில் தீங்கு செய்யும் ஆக்கிரமிப்பு இனங்கள் சுமார் 3,500 என்றும் கணக்கிட்டது. பத்தில் ஒன்றுதான். எந்த ஒன்று என்பது வந்தபிறகே தெரிகிறது என்பதால்தான் வாசலிலேயே நிறுத்திப் பார்க்கச் சொல்கிறது சட்டம்.

நிலத்தை விட்டு நீருக்கும் காட்டுக்கும் போனால் வேறு சட்டங்கள் வருகின்றன. ஆப்பிரிக்கக் கெளுத்தியை, இங்கே பலர் முஷி என்றே சொல்லும் மீனை, வளர்க்கவும் விற்கவும் 2000 முதல் தடை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் 2019இல் அதை வலியுறுத்தியது. இறைச்சிக் கழிவைப் போட்டாலே வளரும் என்பதால் செங்கல் சூளைக் குழியிலும் அதை ரகசியமாக வளர்ப்பவர்கள் உண்டு. ஒரு மழை வெள்ளத்தில் குழி நிரம்பினால் அது ஆற்றுக்குப் போய்விடும். 2018 பெருவெள்ளத்துக்குப் பின் சாலக்குடி ஆற்றில் தென் அமெரிக்காவின் அரபைமா சிக்கியதை நாம் செய்தியில் படித்தோம். அதுவும் யாரோ ஒருவரின் தொட்டியிலிருந்து போனதுதான்.

செல்லப்பிராணிக் கடைகளில் ஒரு வாசகம் அடிக்கடி காதில் விழுகிறது: “இது வெளிநாட்டு ஆமைங்க, கேஸ் வராது.” நட்சத்திர ஆமையை வைத்திருந்தால் வனத்துறை வழக்குப் போடும், சிவப்புக்காது ஆமைக்குப் போடாது என்ற நம்பிக்கையில் சொல்வது. அந்த ஆமை பெரிதாகிக் கடிக்கத் தொடங்கியதும் கோயில் குளத்தில் விடுகிறார்கள், அதையும் புண்ணியம் என்று நினைத்து. திருச்சூரில் களத்தோடு என்ற இடத்தில் உள்ள வாய்க்காலில் அது பிடிபட்டது. பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் அதைக் கண்டால் தங்களிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொண்டது. ஜப்பான் 2023 ஜூன் முதல் இந்த ஆமைக்கு ஒரு நடுவழியைக் கையாள்கிறது: வீட்டில் இருப்பதை வைத்துக்கொள்ளலாம், விற்கவோ வெளியே விடவோ கூடாது. நமக்கும் அது பொருந்தும் என்று தோன்றுகிறது.

இந்தியாவில் 2022இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து, ‘ஆக்கிரமிப்பு அயல் உயிரினம்’ என்ற சொல்லுக்கு முதன்முறையாக அந்தச் சட்டத்தில் பொருள் சொன்னது. அதன் 62ஏ பிரிவு, இத்தகைய இனங்களின் இறக்குமதி, விற்பனை, கைவசம் வைத்திருத்தல், பெருக்கம் ஆகியவற்றைத் தடுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. பிரிவு தானாக எதையும் தடுத்துவிடாது. அறிவிக்கை வந்தால்தான் வலு. வரையறையிலும் இரண்டு இடுக்குகள் இருக்கின்றன. இந்தியாவுக்கு அயலானவை மட்டுமே அதில் அடங்கும் என்பதால், இந்தியாவின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் கொண்டுபோகப்பட்ட உயிர்கள், அந்தமான் தீவுகளைக் குதறும் புள்ளிமான்களைப் போன்றவை, வெளியே நிற்கின்றன. வன உயிருக்கும் அதன் வாழிடத்துக்கும் தீங்கு என்பதே அளவுகோல் என்பதால், தென்னையை மட்டும் தின்னும் பூச்சி பழைய 1914 சட்டத்துக்கே திரும்பிப் போகிறது.

இதே திருத்தத்தில் இன்னொரு கடமை உண்டு, இது வீட்டில் கிளி வளர்ப்போரையும் தொடும். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள அயல்நாட்டு விலங்கு, பறவை எதை வைத்திருந்தாலும், சாம்பல் கிளி, மக்கா கிளிகள், பச்சை இகுவானா, அரபைமா எல்லாம் இதில் அடங்கும், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். 2024 பிப்ரவரி 28இல் விதிகள் வந்தபோது முதலில் ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. இன்னும் பதியாதவர்கள் ஒளித்துவைப்பதைவிட வனத்துறையிடம் போய்ச் சொல்வதே நல்லது.

நியூசிலாந்து 1993இலேயே இவை அனைத்தையும் ஒரே உயிர்ப்பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. நம் நாட்டில் 1898ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டத்தையும் 1914 சட்டத்தையும் நீக்கிவிட்டு ஒரே அதிகார அமைப்பை ஏற்படுத்த வேளாண் உயிர்ப்பாதுகாப்பு மசோதா 2013இல் மக்களவையில் அறிமுகமானது. 2014இல் அவை கலைந்ததும் காலாவதியானது. அதனால்தான் எந்த உயிருக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பதை நாமே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது: பயிருக்கு கிருஷி பவன் அல்லது வேளாண்மை விரிவாக்க மையம், மீனுக்கு மீன்வளத்துறை, ஆமைக்கும் கிளிக்கும் வனத்துறை.

சென்ற மாதம் ஓர் இளைஞர் தாய்லாந்து சுற்றுலாவிலிருந்து திரும்பி வந்து, பெட்டியில் துணிக்கு நடுவே ஈரத்தாளில் சுற்றிக் கொண்டுவந்த நான்கு கன்றுகளை எப்படி நடுவது என்று கேட்க வந்தார். அதில் ஒன்று குட்டைத் தென்னை. பிலிப்பைன்ஸில் கோடிக்கணக்கான தென்னைகளைக் கொன்ற கடாங் கடாங் நோயின் காரணி, கண்ணுக்குத் தெரியாமல் மரத்துக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் இருக்கும் ஒரு நுண்பொருள். இறக்குமதி அனுமதி, ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர நலச் சான்றிதழ், அறிவிக்கப்பட்ட நுழைவிடத்தில் பரிசோதனை ஆகிய மூன்றும் இல்லாமல் ஒரு செடியும் உள்ளே வரக்கூடாது என்பது இதற்காகத்தான் என்று விளக்கினேன். விமான நிலையத்தில் யாரும் பெட்டியைத் திறக்கவில்லை என்றார். “அப்ப எரிச்சுப் போட்டாப் போதுங்களா சார்?” என்றும் கேட்டார். தாமாக எரிப்பதற்கு முன் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றேன். கன்றுகளையும், சுற்றியிருந்த தாளையும், வேரில் ஒட்டியிருந்த ஒரு பிடி மண்ணையும் சேர்த்து இரட்டை பாலிதீன் பையில் கட்டினோம். தொலைபேசி எண்ணைத் தேடிக் கொடுத்தேன்; வெளியே திண்ணையில் உட்கார்ந்து அவர் அழைத்துக்கொண்டிருந்தபோது, தோப்புக்குக் கொண்டுபோன காலணியையும் கழுவச் சொல்ல மறந்துவிட்டது நினைவுக்கு வந்து எழுந்து போனேன்.