காட்டு எல்லையில் எதற்கு, யாரிடம் அனுமதி?

இலங்கையின் மலையகத்தில் ஒரே சரிவுக்கு மூன்று நான்கு சொந்தக்காரர்கள் இருப்பார்கள். கீழே லயனும் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) தேயிலையும். நிலம் அரசாங்கத்துடையது, 1992இல் தொடங்கிய மாற்றத்தில் பெரும்பாலான தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குக் குத்தகையாகப் போயின. அதற்கு மேலே தோட்டத்தின் யூகலிப்டஸ் துண்டு. அதற்கும் மேலே வன பாதுகாப்புத் திணைக்களத்தின் ஒதுக்குக் காடு. முகட்டைத் தாண்டினால் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எல்லை. ஒரு மரத்தைத் தொடலாமா, ஒரு குழி வெட்டலாமா என்பதற்கான பதில் ஒவ்வொரு எல்லையிலும் மாறுகிறது. ஆகவே எந்த வேலைக்கும் முதல் கேள்வி, இந்தத் துண்டு யாருடையது என்பதே. கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் வரைபடம் இருக்கும். "தொரை (தோட்ட முகாமையாளர்) சரின்னுட்டாரு" என்ற வாய்ச்சொல் காட்டு எல்லைக்கு அப்பால் செல்லாது. தோட்ட நிர்வாகத்தின் அதிகாரம் குத்தகை நிலத்தோடு முடிந்துவிடும்.

ஒதுக்குக் காட்டுக்கு 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டம் பொருந்தும். 2009இல் அதைத் திருத்தி இறுக்கினார்கள். அனுமதியின்றி உள்ளே போவது, மாடு விடுவது, தீ மூட்டுவது, மரமோ கொடியோ வெட்டுவது எல்லாமே குற்றம். ஹோர்ட்டன் சமவெளி போன்ற தேசிய பூங்காக்களுக்கு 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். சரணாலயம் என்பது வேறு வகை. அதற்குள் தனியார் காணியும் இருக்கலாம். சிவனொளிபாத மலைக் காடு 1940இல் சரணாலயமானது. அதில் ஒரு பகுதி பின்னர் இயற்கை ஒதுக்காக உயர்த்தப்பட்டது. பெயர்ப்பலகையில் "சரணாலயம்" என்று இருந்தால் விதி தளர்வு என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் நிற்கும் இடம் எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இவ்வளவு கட்டுப்பாடு ஏன் என்பது மேட்டுக் காட்டின் ஒரு கிளையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் விளங்கும். விரல் தடிமனுக்குப் பாசி. பிழிந்தால் தண்ணீர் சொட்டும். மழை இல்லாத நாளிலும் மூடுபனி இலையிலும் பாசியிலும் படிந்து, துளியாகி, மரத்தடிக்கு இறங்குகிறது. அந்த மரத்தை எடுத்துவிட்டால் அதே மூடுபனி மேட்டைத் தடவிக்கொண்டு கடந்து போய்விடும். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்றுக்கும் ஊற்றுக்கண்கள் ஹோர்ட்டன் சமவெளியில் இருக்கின்றன. லயன் பீலியில் மாசி மாதமும் தண்ணீர் வருவது மேலே உள்ள காட்டினால்தான். 5,000 அடிக்கு மேல் காட்டை அழிக்கவிடக் கூடாது என்று பிரித்தானியத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இலேயே சொன்னார். அது கோப்பிக்காகக் காட்டை வெட்டித் தள்ளிய காலம். அன்று தப்பியதில் மிச்சம்தான் இன்று முகடுகளில் நாம் பார்ப்பது.

காடு வெளிப்பார்வைக்கு அப்படியே இருந்தும் உள்ளே செத்துக்கொண்டிருக்கலாம். நக்கிள்ஸ் மலைத்தொடரில் ஏலம் பயிரிட்ட கதை இதுதான். ஏலத்துக்கு நிழல் வேண்டும் என்பதால் பெரிய மரங்களை விட்டுவைத்தார்கள். கீழ்ச்செடிகளை மட்டும் வருடா வருடம் வெட்டினார்கள். அந்தக் கீழ்ச்செடிகளில்தான் அடுத்த தலைமுறை மரக்கன்றுகள் இருந்தன. ஏலத்தை உலர்த்தும் சூளைக்கு விறகும் அதே காட்டிலிருந்து போயிற்று. பெரிய மரம் வயதாகி விழுந்தபோது அந்த இடத்துக்கு வர மரம் இல்லை. 3,500 அடிக்கு மேல் அங்கே ஏலச் செய்கைக்குத் தடை வந்ததற்குக் காரணம் இதுவே. "மரம் வெட்டவில்லையே, பற்றைதானே வெட்டினோம்" என்ற வாதம் வன அலுவலரிடம் எடுபடாததும் இதனால்தான்.

தீ இன்னும் மோசம். ஊவாப் பக்கம் வறண்ட மாதங்களில் புல்வெளிக்குத் தீ வைக்கிறார்கள், மாட்டுக்குப் புதுப்புல் வரட்டும் என்றோ, வேட்டைக்கோ. புல் மூன்று வாரத்தில் துளிர்க்கும். காட்டோர மரத்துக்கு அந்த வலிமை இல்லை: பட்டை மெல்லியது, ஈரத்தை நம்பி வளர்ந்தது. ஓரத்து மரங்கள் கருகினால் வெயிலும் காற்றும் உள்ளே நுழையும், மண் காயும், அடுத்த வருடம் தீ இன்னும் சில அடி உள்ளே வரும். தீயைக் கண்டால் பொலிஸின் 119க்குச் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

விறகு, மரம், பலகை

விறகுதான் அன்றாடப் பிரச்சினை. தோட்டத்தின் சொந்த விறகுத் துண்டில் காய்ந்த கொம்பு பொறுக்குவது நிர்வாகத்தோடு பேசி முடிக்கும் விஷயம். ஒதுக்குக் காட்டில் அது காய்ந்திருந்தாலும் அனுமதி இல்லாமல் எடுக்க முடியாது. உங்கள் பக்கம் எது காட்டின் எல்லை என்று தெரியாவிட்டால் எல்லைக் கல்லைத் தேடுங்கள். பற்றை மூடியிருக்கும் இடத்தில் வட்டார வன அலுவலகத்திடம் காட்டச் சொல்லிக் கேட்கலாம். இயற்கைக் காட்டில் வணிக மரவெட்டு 1990 முதல் நிறுத்தப்பட்டுள்ளது. ஆகவே காட்டு மரத்துக்கு "பேர்மிட் எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது காசு கேட்டால், அவர் உங்களை ஏமாற்றுகிறார். வாசனைப் பிசினுக்காகத் தேடப்படும் வல்லப்பட்டை மரத்துக்கும் இதே கதைதான். பட்டையைச் சீவித் தரும்படி கேட்டு வெளியாட்கள் வருவார்கள். பிடிபடுவது சீவிக் கொடுத்தவர்.

லயன் கூரைமேல் சாய்ந்த மரம் வேறு வகை. அது தோட்ட நிலத்தில் நிற்பதால் குடியிருப்பவர் வெட்ட முடியாது. தோட்ட முகாமையாளருக்கும் பிரதேச செயலாளருக்கும் ஒரே கடிதத்தை எழுதுங்கள். பிரதியைக் கிராம உத்தியோகத்தருக்குக் கொடுங்கள். மரத்தின் அடி, சாய்வு, கூரைக்கு எவ்வளவு தூரம் ஆகியவை தெரியும்படி மூன்று படங்கள் போதும். வாயால் சொல்லிவிட்டு மழைக்காலம் வரை காத்திருப்பதுதான் பொதுவாக நடக்கும் தவறு.

சொந்த உறுதிக் காணியில் நிற்கும் பலா, ஈரப்பலா மரத்துக்கும் அனுமதி தேவை. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. விண்ணப்பம் கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலகத்துக்குப் போகும். உறுதியின் பிரதியை வைத்திருங்கள். வெட்ட அனுமதி கிடைத்தால் ஏற்றிச் செல்லவும் அனுமதி கிடைத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது தனிப் பத்திரம். அதில் எழுதிய அளவும் வாகன இலக்கமும் பாதையும் நாளும் பொருந்தாவிட்டால் பொலிஸ் சோதனையில் லொறியே நின்றுவிடும்.

வீட்டுக்கு மண் வெட்டும்போது

சரிவை வெட்டித் தட்டாக்கி வீடு கட்டுவதற்கு, நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலை உள்ளிட்ட மண்சரிவு அபாய மாவட்டங்களில், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். பிரதேச சபை அதைப் பார்த்துத்தான் வரைபடத்தை ஏற்கும். வெட்டிய மண்ணை ஓடையில் தள்ளினால் ஓடை வழிமாறி அடுத்த லயனின் அடியை அரிக்கும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை நடந்த மண்சரிவை மலையகத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சுருக்குக் கம்பி

மரக்கறித் தோட்டத்துக்குள் பன்றி வருகிறது. வேலியோரம் சைக்கிள் பிரேக் கம்பியில் சுருக்கு வைக்கிறார்கள். கம்பி ஆளைப் பார்த்துச் சுருங்குவதில்லை. அதே தடத்தில்தான் சிறுத்தையும் நடக்கும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் இப்படிச் சிக்கிய கருஞ்சிறுத்தை மூன்றே நாளில் செத்துப்போனது. சிறுத்தை முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு; "பன்றிக்குத்தான் வைத்தேன்" என்று சொல்லித் தப்ப முடியாது.

சிக்கியதைக் கண்டால் 1992ஐ அழையுங்கள். அது வனஜீவராசிகள் திணைக்களத்தின் இலக்கம். தோட்டத்தின் பெயர், பிரிவு, மலை இலக்கம், வாகனம் எதுவரை வரும் என்பதைச் சொல்லுங்கள். பிறகு கூட்டத்தை அப்புறப்படுத்துங்கள். இதுதான் கடினம், இதுதான் முக்கியம். கம்பி பெரும்பாலும் இடுப்பில் இறுகியிருக்கும். ஆட்கள் கத்தக் கத்த விலங்கு துள்ளும். துள்ளத் துள்ளக் கம்பி உள்ளே அறுக்கும். வெளியே இரத்தம் தெரியாது, உள்ளுறுப்பு நசுங்கிவிடும். கம்பியை நீங்களே அறுத்துவிடவும் கூடாது. மயக்க ஊசி போட்ட பிறகு மிருக வைத்தியர் செய்ய வேண்டிய வேலை அது.

பெரிய திட்டம் வரும்போது உங்கள் 30 நாள்

ஹோட்டல், வீதி, சிறு நீர்மின் நிலையம் என்று ஏதாவது காட்டோரம் வரப்போகிறதென்றால் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் வேலை செய்யத் தொடங்கும். 1993 ஜூன் வர்த்தமானி பட்டியலிடுகிறது: ஒரு ஹெக்டேயருக்கு மேல் காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவது, 5 ஹெக்டேயருக்கு மேல் மரம் எடுப்பது போன்றவற்றுக்கு முன் அனுமதி. ஒதுக்குக் காட்டின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள் வரும் இடங்களையும் அது உணர்வுமிக்க பகுதியாகக் கணக்கிடுகிறது. தேசிய பூங்கா போன்ற ஒதுக்குகளின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் எந்த அபிவிருத்திக்கும் வனஜீவராசிகள் திணைக்களத்தின் எழுத்து மூல அனுமதியும் வேண்டும்.

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரானதும் வர்த்தமானியிலும் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரும். அதிலிருந்து 30 வேலை நாட்கள் பொதுமக்கள் கருத்துக்கு. அறிக்கையைப் பார்க்க வைக்கும் இடங்களை அந்த அறிவித்தலிலேயே சொல்லியிருப்பார்கள். தமிழில் எழுதலாம், அது உங்கள் உரிமை.

கோபத்தை எழுதாதீர்கள், அளவை எழுதுங்கள். "எங்கள் ஓடை வற்றிவிடும்" என்ற வரியை ஒரு பக்கத்தில் ஒதுக்கிவிடலாம். "திட்டத்தின் அணைக்குக் கீழே இத்தனை வீடுகள் இந்த ஓடையிலிருந்து குழாய் போட்டிருக்கின்றன, வறண்ட மாதத்தில் தண்ணீர் இவ்வளவுதான், அறிக்கையில் இந்தக் குழாய்கள் குறிப்பிடப்படவில்லை" என்று எழுதினால் பதில் சொல்லியே ஆக வேண்டும். வறண்ட மாதத்தில் 20 லீற்றர் வாளி நிறைய எத்தனை செக்கன் என்று கடிகாரத்தில் பார்த்து, திகதியோடு குறித்து வைத்தாலே அது ஆதாரம்.

அனுமதி மறுக்கப்பட்டால் திட்டக்காரர் அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையிடலாம். அனுமதி கொடுக்கப்பட்டால் ஊராருக்கு அந்த வழி இல்லை, நீதிமன்றம்தான். எனவே அந்த 30 நாளைத் தவற விடுவது விலை கூடியது. பின்னர் அனுமதியின் நிபந்தனைகளைப் பார்க்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டத்தில் விண்ணப்பிக்கலாம். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். கருத்துக் கடிதத்தையும் தகவல் விண்ணப்பத்தையும் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை பிரதியோடு பின்செய்து வையுங்கள்.