32 டிகிரி வெயிலில் ஐஸ் கட்டும் எஞ்சின்

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என் மகள் ஜொகூரில் செஸ்னா 152 என்ற சிறு விமானத்தை ஓட்டப் பழகுகிறாள். தரையிறங்க வரும்போதெல்லாம் 'கார்ப் ஹீட்' குமிழை இழு என்கிறாராம் பயிற்றுநர். கார்புரேட்டரில் ஐஸ் பிடிக்காமல் இருப்பதற்காம். வெளியே 32 டிகிரி வெயில் கொளுத்துகிறது. இங்கே ஏது ஐஸ்? குளிர்நாட்டுப் பாடத்தை அப்படியே ஒப்பிக்கிறார்களா?"

இல்லை, பயிற்றுநர் சொல்வது சரிதான். வெளிக்காற்று 38 டிகிரியாக இருந்தாலும், ஈரப்பதம் 50 விழுக்காடாக இருந்தாலும் கார்புரேட்டரில் ஐஸ் பிடிக்கலாம் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் விமானிகள் கையேடு எச்சரிக்கிறது. ஆனால் நம் ஊர்க் காற்றில் அது எப்படி நடக்கிறது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதற்காகவே இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டேன்.

காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் தெரிந்த சங்கதிதான். காற்று வரும் குழாய் நடுவில் குறுகும். அங்கே காற்றின் வேகம் கூடும், அழுத்தம் குறையும், பெட்ரோல் உறிஞ்சப்பட்டுத் தூறலாய்க் கலக்கும். அதைத் தாண்டி த்ராட்டில் தகடு இருக்கிறது. விமானி கைப்பிடியைத் தள்ளினால் திறக்கும், இழுத்தால் மூடும்.

இனிக் கணக்கு. ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாவதற்கு ஏறத்தாழ 350 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதைச் சுற்றியுள்ள காற்றிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். சற்றுச் செறிவான கலவையில் ஒரு கிலோ பெட்ரோலுக்கு 12 கிலோ காற்று. ஒரு கிலோ காற்றிலிருந்து ஒரு கிலோஜூலை எடுத்தால் அது ஒரு டிகிரி குளிரும். ஆக, 350ஐ 12ஆல் வகுத்தால் 29 டிகிரி. குறுகிய இடத்தில் காற்று வினாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் பாய்வதாக வைத்துக்கொண்டால் அதற்கு இன்னொரு 5 டிகிரி. மொத்தம் 34. முப்பது டிகிரியில் உள்ளே போன காற்று பூஜ்யத்துக்குக் கீழே 4 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது.

பெரும்பாலான விளக்கங்கள் இந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடும். ஆனால் இந்தக் கணக்கு உலர்ந்த காற்றுக்குத்தான் பொருந்தும், சிங்கப்பூர்க் காற்றுக்கு அல்ல. 30 டிகிரி, 80 விழுக்காடு ஈரப்பதம் என்றால் ஒரு கிலோ காற்றில் சுமார் 21 கிராம் நீராவி இருக்கும். காற்று குளிர்ந்ததும் அந்த நீராவி திரவமாகத் தொடங்கும். தே பெங் (ஐஸ் தேநீர்) கிளாஸின் வெளிப்புறம் வியர்க்கிறதே, அதே வேலைதான். அப்படி நீராகும் ஒவ்வொரு கிராமும் 2.5 கிலோஜூல் வெப்பத்தைக் காற்றுக்கே திருப்பிக் கொடுக்கும். பெட்ரோல் ஒரு பக்கம் வெப்பத்தைப் பறிக்கப் பறிக்க, நீராவி மறுபக்கம் கொடுத்துக்கொண்டே இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் கலவையின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 18 டிகிரியில் நின்றுவிடுகிறது. ஐஸுக்குத் தேவையான ஈரமே ஐஸுக்கு எதிராகவும் வேலை செய்கிறது!

அப்படியானால் வாசகர் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. தரை மட்டத்தில், முழு விசையில், நம் ஊர்க் காற்று தன்னைத்தானே ஓரளவு காப்பாற்றிக்கொள்கிறது. ஆனால் 5,000 அடிக்கு ஏறிப் பாருங்கள். அங்கே ஏறத்தாழ 20 டிகிரி. அதே 80 விழுக்காடு ஈரப்பதத்துக்கு அதே கணக்கைப் போட்டால் சராசரி 5 டிகிரி வரை இறங்குகிறது. மேகத்துக்குள் நுழையத் தேவையில்லை, மழையும் வேண்டாம். நீலவானத்தில் பறந்தாலே போதும்.

இங்கே சராசரி என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சராசரியைப் பார்த்து ஐஸ் பிடிப்பதில்லை. பெட்ரோல் துளிகள் சீராகப் பரவாமல் த்ராட்டில் தகட்டிலும் குழாய்ச் சுவரிலும் ஒட்டிக்கொண்டு அங்கேயே ஆவியாகின்றன. அந்த உலோகம் மட்டும் சுற்றியுள்ள காற்றைவிட மிகவும் குளிர்கிறது. இறங்குவதற்காக விமானி த்ராட்டிலை இழுத்ததும் நிலைமை இன்னும் மோசமாகும். தகடு ஏறக்குறைய மூடிக்கொள்ள, காற்று அதன் விளிம்போரத்து இடுக்கு வழியாக ஒலியின் வேகத்தை நெருங்கிப் பாய்கிறது. வினாடிக்கு 300 மீட்டர் என்றால் அந்த இடுக்கில் மட்டும் 40 டிகிரிக்கு மேல் குளிரும். தாண்டிப்போய் வேகம் தணிந்ததும் பெரும்பகுதி வெப்பம் மீண்டுவிடும் என்றாலும், தகட்டுக்குப் பின்னால் அழுத்தம் மிகவும் குறைந்திருப்பதால் பெட்ரோல் அங்கே இன்னும் ஆவேசமாக ஆவியாகும். குளிர்ந்த உலோகம் அங்கேயே இருக்கிறது. நீருக்கும் பஞ்சமில்லை. செஸ்னா 152இன் 3.8 லிட்டர் எஞ்சின் நம் ஊர்த் தரைமட்டக் காற்றில் வழக்கமான விசையில் ஓடும்போது கார்புரேட்டருக்குள் நிமிடத்துக்குச் சுமார் 30 கிராம் நீர் திரள்கிறது. அதில் சொற்பம் உறைந்தாலே போதும். முழுதாகத் திறந்த குழாயில் ஒரு மில்லிமீட்டர் ஐஸ் பெரிய விஷயமில்லை. மூடிய தகட்டின் விளிம்பில் அதே ஒரு மில்லிமீட்டர் எஞ்சினின் மூச்சை நிறுத்திவிடும்.

எந்த வெப்பநிலையில், எந்தப் பனிநிலையில் (நீராவி திரளத் தொடங்கும் வெப்பநிலையில்) ஆபத்து என்று காட்டும் வரைபடங்கள் விமானிகளிடம் உண்டு. அவற்றில் சிங்கப்பூரின் தரைமட்டக் காற்று விழும் இடம் 'இறங்கும் விசையில் கடும் ஐஸ்' என்ற பகுதிதான். பயிற்றுநர் ஏன் இறங்கும்போது மட்டும் அவ்வளவு கறாராக இருக்கிறார் என்பது இப்போது புரியும்.

குமிழை இழுத்தால் என்ன ஆகிறது? ஒரு சிறு கதவு திரும்பி, வடிகட்டி வழியாக வரும் குளிர்காற்றை அடைத்துவிட்டு, புகைக்குழாயைச் சுற்றியுள்ள உறையில் சூடேறிய காற்றைக் கார்புரேட்டருக்குள் விடுகிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. எனவே ஐஸ் இல்லாவிட்டாலும் எஞ்சினின் சுழற்சி வேகம் சற்றுக் குறையும். ஐஸ் இருந்தால் முதலில் குறையும், உருகிய நீர் சிலிண்டருக்குள் போய் எஞ்சின் முரண்டு பிடிக்கும், இருமும், பிறகுதான் சுழற்சி ஏறும். புதியவர்கள் தடுமாறுவது இந்த இருமலில்தான். 'குமிழை இழுத்ததால் கெட்டது' என்று பதறி உடனே தள்ளிவிடுவார்கள். உருகத் தொடங்கிய ஐஸ் மறுபடி இறுகிவிடும். குறைந்தது 15 வினாடியாவது முழுதாக இழுத்தபடி வைத்திருக்க வேண்டும். பாதி இழுப்பதும் கூடாது. மிகக் குளிர்ந்த காற்றில் தானாக வழுக்கிப் போகக்கூடிய ஐஸ் துகள்களை, சரியாக ஒட்டிக்கொள்ளும் பதத்துக்குச் சூடாக்கிவிடும் வேலை அது.

இன்னொன்று: த்ராட்டிலை மூடுவதற்கு முன்பே குமிழை இழுக்க வேண்டும். மூடிய பிறகு புகைக்குழாயே ஆறிவிடும், வெப்பத்துக்கு எங்கே போவது? பயிற்சியில் இது நேரடியாகக் கடிக்கும் இடம் ஒன்று உண்டு. 'எஞ்சின் நின்றுவிட்டதாக வைத்துக்கொள்' என்று பயிற்றுநர் 2,500 அடியில் த்ராட்டிலை மூடிவிடுவார். மாணவர் வயல் தேடிக்கொண்டே இறங்குவார். இந்த ஒத்திகையே உண்மையான எஞ்சின் நிறுத்தத்துக்கு அருமையான சமையல் குறிப்பு. அதனால்தான் ஏறத்தாழ 500 அடிக்கு ஒருமுறை த்ராட்டிலைச் சில வினாடிகள் திறந்து எஞ்சினைச் சூடாக்கச் சொல்கிறார்கள்.

அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் முதலாம் இணைப்பில் தனியார் விமானி உரிமத்துக்கான அடிப்படை இருக்கிறது: வயது 17, பறப்பு நேரம் 40 மணி, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தில் 35. அதில் 10 மணி தனியாக. அந்தப் பத்தில் 5 மணி தொலைதூரப் பறப்பு, அதிலும் ஒரு பயணம் 270 கிலோமீட்டருக்குக் குறையாமல், வேறு இரண்டு விமான நிலையங்களில் முழுதாக இறங்கி நின்று வர வேண்டும். சிங்கப்பூர், மலேசியா இரண்டும் இந்த அமைப்பில் உறுப்பு நாடுகள். அமெரிக்காவின் விளையாட்டு விமானி உரிமத்துக்கு 20 மணி நேரமே போதும். 2025 ஜூலையில் வெளியான அங்குள்ள புதிய விதிகள், இதுவரை 600 கிலோ என்றிருந்த எடை வரம்பைக் கைவிட்டு, விமானம் எவ்வளவு மெதுவாகப் பறக்க முடியும் என்பதை அளவுகோலாக்கியிருக்கின்றன. எனக்கு அது நல்ல மாற்றமாகவே படுகிறது. ஆனால் 20 மணியோ 40 மணியோ, கார்ப் ஹீட்டுக்கென்று விதியில் தனி மணிக்கணக்கு கிடையாது. பயிற்றுநரின் பிடிவாதத்தை நம்பித்தான் அது நடக்கிறது.

விமானத்தை வீட்டிலேயே கட்டுபவர்கள் கதை இன்னும் சுவையானது. அமெரிக்காவில் ஒரு விமானத்தின் பெரும்பகுதியை, பேச்சுவழக்கில் 51 விழுக்காட்டை, பொழுதுபோக்காகவோ கற்கவோ தானே கட்டியதாகக் காட்டினால் சோதனை வகைச் சான்று கிடைக்கும். பிறகு 25 அல்லது 40 மணி நேரம் குறிப்பிட்ட வட்டாரத்துக்குள் சோதனைப் பறப்பு. சான்று பெற்ற எஞ்சினும் புரொப்பெல்லரும் சேர்ந்த ஜோடி என்றால் 25. இங்கே அந்தக் கலாசாரம் வேரூன்ற இடமே இல்லை. இரண்டு இருக்கை கொண்ட வேன்ஸ் ஆர்வி-7 விமானத்தின் சிறகு விரிப்பு 7.6 மீட்டர். ஒரு பக்கச் சிறகுகூட வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு மின்தூக்கியில் ஏறாது. சுவரில் ட்ரில் போட்டாலே மேல்வீட்டிலிருந்து புகார் வரும் ஊரில் ஆயிரக்கணக்கான ரிவெட் அடிக்கவா?

தொழிற்சாலை விமானத்தின் கார்ப் ஹீட்டுக்கு அமெரிக்க விதிகளில் வெகுகாலம் ஒரு துல்லியமான அளவு இருந்தது: பூஜ்யத்துக்கு ஒரு டிகிரி கீழுள்ள காற்றில், 75 விழுக்காடு விசையில், உள்ளே போகும் காற்றின் வெப்பம் 50 டிகிரி ஏற வேண்டும். சொந்தமாகக் கட்டியவரை இந்த விதி கட்டுப்படுத்தாது. விளைவு? ஒரே ஒரு புகைக்குழாயைச் சுற்றி மெல்லிய தகட்டை வளைத்து 'வேலை முடிந்தது' என்பவர்கள் உண்டு. காற்று அந்த உறைக்குள் நுழைந்து வெப்பம் வாங்குவதற்குள் வெளியேறிவிடும். அனுபவசாலிகள் குழாயின் மேல் துருப்பிடிக்காத எஃகுச் சுருள்கம்பியைச் சுற்றிவிட்டு அதன்மேல் உறையைப் பூட்டுகிறார்கள். காற்று கம்பிச் சுருளில் மோதிக் கலங்கி அதிக வெப்பத்தை அள்ளிக்கொள்ளும்.

பிழை வரும் மற்ற இடங்கள் சில்லறையாகத் தெரியும், ஆனால் எஞ்சினை நிறுத்தக்கூடியவை. இரட்டை அடுக்கு நெகிழ்குழாயைப் போட்டால், உள்ளடுக்கு பிரிந்து உறிஞ்சலில் சப்பிக் காற்றை அடைக்கும். ஒற்றை அடுக்குதான் சரி. கதவின் அச்சைப் பிடித்திருக்கும் திருகு கழன்றால் அது போகும் இடம் கார்புரேட்டர்தான். எனவே கழலாதபடி பூட்டியாக வேண்டும். கம்பிவடத்தின் வெளியுறையை இறுக்கிய கிளாம்ப் நழுவினால், முகப்பில் குமிழ் முழுதாக வெளியே வந்திருக்கும், உள்ளே கதவு பாதிதான் திரும்பியிருக்கும். எஞ்சின் மூடியைக் கழற்றிவிட்டு, ஒருவர் குமிழை இழுக்க இன்னொருவர் கதவைக் கண்ணால் பார்க்க வேண்டும். உள்ளே தள்ளும்போது குமிழ் முகப்புப் பலகையைத் தொடுவதற்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்பே கதவு தன் தடுப்பில் முட்டி நிற்க வேண்டும்.

எஞ்சினுக்கு எஞ்சின் இந்தத் தொல்லை மாறும். லைகாமிங் நிறுவன எஞ்சின்களில் கார்புரேட்டர் எண்ணெய்த் தொட்டியின் அடியில் பூட்டப்பட்டிருப்பதால் அந்தச் சூடு கொஞ்சம் ஏறும். பழைய கான்டினென்டல் எஞ்சின்களில் தள்ளி இருப்பதால் அதிகம் உறையும். இரட்டை பிங் கார்புரேட்டர் வைத்த ரோட்டாக்ஸ் 912 எஞ்சினில் தொல்லை குறைவு, அறவே இல்லை என்று சொல்ல முடியாது. கார் பெட்ரோல் ஊற்றினால், அது விமானப் பெட்ரோலைவிட எளிதில் ஆவியாவதால், ஆபத்து கூடும். பெட்ரோலைச் சிலிண்டர் வாசலில் பீய்ச்சும் எஞ்சின்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

இதில் எனக்குள்ள பெரிய ஆதங்கம் வேறு. எஞ்சின் நின்று, விமானம் வயலில் இறங்கி, விசாரணையாளர் வந்து மூடியைத் திறக்கும்போது ஐஸ் உருகிப் போயிருக்கும். எஞ்சின் சோதனை மேடையில் ஜோராக ஓடும். 'காரணம் கண்டறியப்படவில்லை' என்று எழுதுவார்கள், அல்லது அன்றைய வானிலையை வைத்து ஊகிப்பார்கள். காரணம் இல்லாத இடத்தில் கண்ணேறும் கெட்ட நேரமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் ஒரு பழத்துக்கும் கார்புரேட்டர் வெப்பநிலை தெரியாது. சிறு விமான எஞ்சினுக்குப் பெரிய ஆய்வு நிதி வரப்போவதில்லை. நீராவி திரளும் நம் கணக்கை வெப்பமண்டலக் காற்றில் கருவி வைத்து அளந்து பார்க்க ஒரு பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் திட்டமே போதும். அதற்கு ஒதுக்குகிற பணம் வீண் போகாது.

சொந்தமாகக் கட்டுபவர்கள் இந்த விஷயத்தில் முன்னே போய்விட்டார்கள். அவர்களுடைய மின்னணு முகப்புத் திரைகள் கார்புரேட்டர் வெப்பநிலையையும் சுழற்சியையும் தொடர்ந்து பதிந்து வைக்கின்றன. பல கார்புரேட்டர்களின் உடலிலேயே உணரிக்கென்று ஒரு சின்னத் திருகுத்துளை அடைப்போடு வருகிறது. உணரியை அங்கே, த்ராட்டில் தகட்டுக்குப் பக்கத்தில்தான் பொருத்த வேண்டும். வசதி பார்த்துக் காற்றுப்பெட்டியில் வைத்தால், பெட்ரோல் கலப்பதற்கு முந்தைய காற்றின் சூட்டைத்தான் அது காட்டும்.