இடாப்பில் பெயரில்லாத அட்டை

உவர்மலையில் ஒரு நண்பரின் அலுவலகத்துக்குக் கொழும்பிலிருந்து பழைய சேவர் ஒன்று வந்திறங்கியது. நாலு ஹார்ட் டிஸ்க், அவற்றை மேய்க்க எல்எஸ்ஐ என்ற நிறுவனத்தின் அட்டை ஒன்று. லினக்ஸ் போட உட்கார்ந்தால், டிஸ்க் எதுவுமே இல்லை என்கிறது திரை. டிஸ்க்குகளோ உள்ளே விர்ரென்று சுழல்கின்றன. திருகோணமலை உப்புக்காற்றைச் சந்தேகித்து அட்டையைக் கழற்றி, அதன் பொன்முலாம் பற்களை அழிறப்பரால் தேய்த்துச் செருகினேன். பலனில்லை.

பிறகுதான், செருகியிருக்கும் அட்டைகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை அடித்தேன். முதலிலேயே அடித்திருக்க வேண்டியது. அட்டை பத்திரமாக இருந்தது, 1000:0072 என்று. எந்த டிரைவர், அதாவது அட்டையை இயக்கும் நிரல், அதைக் கையாளுகிறது என்று கீழே வரவேண்டிய வரியைத்தான் காணவில்லை.

கணினியின் பிசிஐ துளைகளில் செருகும் அட்டை ஒவ்வொன்றும் தன்னைச் செய்தது யார், தான் எந்த மாடல் என்பதை முதல் 4 பைட்டில் எழுதி வைத்திருக்கும். 1000 என்றால் எல்எஸ்ஐ. (இன்டெலின் எண் 8086. தன் பழைய சிப்பின் பெயரையே எடுத்துக்கொண்ட குறும்பு!) 0072 என்பது சாஸ்2008 சிப். லினக்ஸின் மையமான கெர்னல் இந்த எண்களை டிரைவர்கள் கொடுத்து வைத்திருக்கும் இடாப்பில் தேடும். இருந்தால் டிரைவரை ஏற்றி அட்டையை ஒப்படைக்கும். இல்லாவிட்டால், வாக்குச்சாவடியில் ஊரறிந்த ஆளே வந்து நின்றாலும் சீட்டுக் கிடைக்காத கதைதான்.

வீட்டுக் கணினிகளிலுள்ள சாதாரண சாட்டா டிஸ்க்குக்கு இந்தத் தலையிடி இல்லை. ஏஎச்சிஐ என்ற பொதுமுறைக்கு 010601 என்ற வகை எண் உண்டு. அதைக் கண்டால், செய்தவர் யாரென்று டிரைவர் கேட்காது. சேவர் டிஸ்க்குகளை இணைக்கும் சாஸ் அட்டைகளும், பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்ட் அட்டைகளும் அப்படியல்ல, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பாஷை.

எங்கள் அட்டையின் பாஷையும் லினக்ஸுக்குத் தெரியும். எம்பிடி3சாஸ் என்ற டிரைவர் அதற்கென்றே இருக்கிறது; யூஎஸ்பியில் டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பைப் போட்டுப் பூட் செய்ததும் நாலு டிஸ்க்கும் வரிசையாக வந்தன. நாங்கள் போட முயன்றதோ நிறுவனங்களுக்கான, நீண்டகால ஆதரவுள்ள பதிப்பு. பழைய அட்டைகளைப் பல வருடம் சோதித்துக்கொண்டிருக்க மனமில்லாமல் அவற்றின் எண்களை இடாப்பிலிருந்து வெட்டிவிடுவது அங்கே வழக்கம். 'ஆதரவில்லை' என்ற சொல்லுக்குப் பல வேளை 'பொறுப்பேற்க மாட்டோம்' என்றுதான் பொருள்.

ஓடும் கெர்னலிலேயே, டிரைவருக்குரிய நியூ_ஐடி என்ற கோப்பில் அந்த இரு எண்களையும் எழுதி அட்டையைச் சேர்த்துவிடலாம். சில டிரைவர்கள் அதற்குப் பின்னும் மாடல் எண்ணைப் பார்த்து மறுத்துவிடும். அப்போது டிரைவரின் மூலநிரலில் ஒரு வரி சேர்த்து மறுபடி கம்பைல் செய்ய, அதாவது இயங்கும் வடிவுக்கு மாற்ற வேண்டும். டிரைவருக்குத் தெரிந்த சிப்பும் அட்டையிலுள்ள சிப்பும் ஒன்றேயென்றால் மட்டும் இதைச் செய்யுங்கள். வேறு சிப்புக்கான டிரைவரை ஏமாற்றி ஏற்றினால், அது எழுதும் கட்டளைகளை அட்டை வேறுவிதமாக எடுத்துக்கொள்ளும்; போவது டிஸ்க்கிலுள்ள தரவு.

அதிகம் பேர் வழுக்கி விழுவது அடுத்த படியில். டிஸ்க்கைத் திறக்க டிரைவர் வேண்டும், டிரைவர் இருப்பதோ அதே டிஸ்க்குக்குள். திறப்பை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டியது போல. அதனால்தான் கெர்னலோடு சேர்ந்து நினைவகத்துக்கு வரும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு பொதிக்குள் டிரைவரையும் வைக்கிறார்கள். நியூ_ஐடியில் கையால் எழுதியது ரீஸ்டார்ட்டோடு அழியும். கம்பைல் செய்த டிரைவரைப் பொதிக்குள் வைத்தால் நிற்கும். ஆனால் அது அந்தக் கெர்னலுக்கு மட்டுமே. புதுக் கெர்னல் வரும்போதெல்லாம் டிரைவரைத் தானாகக் கம்பைல் செய்ய டிகேஎம்எஸ் என்ற கருவி உண்டு.

அதையும் போட்டுக்கொடுத்தேன். ஆனாலும் பழைய கெர்னலைப் பூட் மெனுவிலிருந்து அழிக்க வேண்டாம், அப்டேட் வந்தால் ரீஸ்டார்ட் செய்ய முதல் எனக்கொரு கோல் எடுங்கள் என்று நண்பரிடம் சொல்லியிருக்கிறேன்.