அமெரிக்கப் பெயர்ப்பலகை உங்கள் வீட்டைக் காப்பாற்றாது

பர்கர் கடை எடுத்துவிட்டோம், கையெழுத்துப் போட்டாயிற்று, இனிக் கணக்கை நீங்கள் பாருங்கள் என்று வருகிறவர்களிடம் என்னால் சொல்லக்கூடியது மிகக் குறைவு. கையெழுத்துக்கு ஒரு கிழமை முன்னால் வந்திருந்தால் நிறையச் சொல்லியிருப்பேன். லண்டனில் கணக்காளராக இருக்கிறேன். சிறு கடைக்காரர்களின் கணக்குப் புத்தகங்களைப் பார்ப்பதுதான் என் தொழில். அவர்களில் பெரும்பாலானவர்கள் நம் ஆட்கள். அண்மையில் வந்த ஒரு தம்பதியைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பல வருடமாக ஒரு மூலைக்கடையை நடத்திப் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள். வீட்டுக்கடன் ஏறக்குறைய முடிந்திருந்தது. அந்த வீட்டின் மேல் மறுபடி கடன் எடுத்து, ஓர் அமெரிக்க பர்கர் நிறுவனத்தின் ஃபிரான்சைஸ் கடையை, அதாவது காசு கட்டி அவர்களின் பெயரில் நாமே நடத்தும் கடையை, லண்டனுக்கு வெளியே ஒரு வணிக வளாகத்தில் திறந்தார்கள். தொடக்கத்தில் வாசலில் வரிசை. படம் எடுத்துக் குடும்பக் குழுக்களில் எல்லாம் போட்டார்கள். இப்போது, கடைச் சாவியைக் கட்டட உரிமையாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமா என்று கேட்கிறார்கள். முடியாது. சாவியை வாங்கினாலும் வாடகையை விடமாட்டார்கள்.

இப்படி வருகிற எல்லோரும் ஏதோ ஒரு வடிவத்தில் சொல்கிற வசனம் ஒன்று இருக்கிறது. "அக்கா, உது அமெரிக்காக் கொம்பனி. நட்டம் வர விடாங்கள். தங்கட பேர் கெட்டுப்போகுமெல்லே."

தயவுசெய்து இதை நம்பாதீர்கள். அந்தக் கடை உங்கள் கடை. பெயர் மட்டும்தான் அவர்களுடையது. கட்டட வாடகை, பொரிக்கிற இயந்திரம், வேலையாட்களின் சம்பளம், நட்டம் எல்லாம் உங்கள் கணக்கில். நிறுவனம் எடுப்பது உங்கள் லாபத்தில் பங்கு அல்ல, விற்பனையில் பங்கு. நீங்கள் மாதம் ஐயாயிரம் பவுண் நட்டப்பட்டாலும், விற்றதில் இத்தனை சதவீதம் என்று அவர்களுக்குப் போய்க்கொண்டே இருக்கும். விளம்பர நிதிக்கு என்று இன்னொரு சதவீதமும் போகும். ஆக, உங்களுக்கு நட்டமான மாதம் அவர்களுக்கு நட்டமான மாதம் அல்ல. நீங்கள் கடையை மூடினால் அதே ஊரில் வேறொருவருக்கு அதே பெயரை விற்கலாம்.

பெயர் தப்பிவிடும், நடத்துகிறவர்தான் விழுவார். இதற்குக் கண்முன்னே உதாரணங்கள் உண்டு. பிரித்தானியாவில் டிஜிஐ ஃபிரைடேஸ் உணவகங்களை நடத்திய ஹோஸ்ட்மோர் நிறுவனம் 2024 செப்டம்பரில் திவால் நிர்வாகத்துக்குப் போனது. 35 கிளைகள் மூடப்பட்டன. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். பெயர்ப்பலகை மற்றக் கிளைகளில் அப்படியே தொங்கியது. 2025 ஒக்டோபரில் பீட்சா ஹட் உணவகங்களை நடத்திய நிறுவனத்துக்கும் இதுதான் நடந்தது. 68 கிளைகள் போயின, பீட்சா ஹட் போகவில்லை. பங்குச் சந்தையில் இருந்தவர்களுக்கும் பெரிய முதலீட்டாளர்களுக்குமே இந்தக் கதி. வீட்டை அடகு வைத்த உங்களுக்காக யார் விமானம் ஏறி வரப்போகிறார்கள்?

அமெரிக்க பர்கர் இந்த நாட்டுக்கு வருவதும் போவதும் புதிதல்ல. விம்பி என்ற அமெரிக்கப் பெயரை உரிமம் வாங்கி லயன்ஸ் நிறுவனம் 1954-இல் லண்டனில் கொண்டுவந்தது. மக்டொனால்ட்ஸ் 1974-இல் வூலிச்சில் திறந்தது. வென்டிஸ் 1980 வாக்கில் வந்து, 2000-ஐ ஒட்டி எல்லாவற்றையும் மூடிக்கொண்டு போய், மறுபடி 2021 ஜூனில் ரெடிங்கில் திறந்தது. அதாவது வென்டிஸ் அளவு பெயருக்கே இந்த நாட்டுச் சந்தை ஒருமுறை சரிவரவில்லை. ஃபைவ் கைஸ், ஷேக் ஷாக் இரண்டும் 2013 ஜூலையில் அடுத்தடுத்த நாட்களில் கொவென்ட் கார்டன் பகுதியில் திறந்தபோது நின்ற வரிசையைப் பார்த்துத்தான் நம்மவர் பலருக்கு இந்த ஆசை பிடித்தது. ஆனால் ஃபைவ் கைஸ் இங்கே கடை கடையாக ஆட்களுக்குக் கொடுக்கப்பட்ட தொழில் அல்ல. கார்ஃபோன் வெயார்ஹவுஸைத் தொடங்கிய சார்ல்ஸ் டன்ஸ்டனின் முதலீட்டோடு அமைத்த கூட்டு முயற்சி. பர்கர் கிங்கின் பிரித்தானிய உரிமை 2017-இல் பிரிட்ஜ்பொயின்ட் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. ஒரு கடை நட்டத்தில் ஓடினாலும் இன்னொரு கடையின் வருமானத்தில் தாக்குப்பிடிக்கக்கூடியவர்கள் இவர்கள். ஒரே ஒரு கடை வைத்திருப்பவருக்கு அந்த வசதி கிடையாது.

அடுத்தது சட்டம். அமெரிக்காவில் ஃபிரான்சைஸ் விற்பவர் நினைத்தபடி விற்க முடியாது. கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதிப்படி, 23 தலைப்புகளில் விவரம் அடங்கிய ஒரு வெளிப்படுத்தல் ஆவணத்தை, கையெழுத்துக்கோ காசு வாங்குவதற்கோ குறைந்தது 14 நாட்களுக்கு முன் கொடுத்தாக வேண்டும். மொத்தச் செலவு எவ்வளவு, என்னென்ன வழக்குகள் நடந்தன, மூன்று வருடத்தில் எத்தனை கடை திறந்தது, எத்தனை மூடியது, விலகிப்போனவர்களின் தொடர்பு விவரம் என்ன, எல்லாம் அதில் இருக்கும். பிரான்சில்கூட 1989 முதல் சட்டம் இருக்கிறது. 20 நாட்களுக்கு முன் விவரம் கொடுக்க வேண்டும்.

பிரித்தானியாவில் அப்படி ஒரு சட்டமே இல்லை. ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது, விவரம் வெளியிடும் கட்டாயமும் கிடையாது. பிரித்தானிய ஃபிரான்சைஸ் சங்கத்துக்கு ஒரு நடத்தை விதி உண்டு. ஆனால் அதில் சேருவது அவரவர் விருப்பம். அமெரிக்க விதியோ அமெரிக்காவுக்குள் திறக்கும் கடைகளுக்கு மட்டும்தான். ஆகவே அதே நிறுவனம் ஒஹையோவில் கடை எடுப்பவருக்குச் சட்டப்படி காட்டியாக வேண்டிய காகிதத்தை, பேர்மிங்ஹாமில் எடுக்கும் உங்களுக்குக் காட்டத் தேவையில்லை. நுகர்வோர் சட்டமும் கைகொடுக்காது. நீங்கள் வியாபாரி, நுகர்வோர் அல்ல. "அவர் வாயால் சொன்னாரே, கிழமைக்கு இவ்வளவு விற்கும் என்று" என்பீர்கள். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில், இதில் எழுதாத எதையும் நம்பி நான் கையெழுத்திடவில்லை என்று ஒரு பிரிவு இருக்கும். அதன் கீழ் உங்கள் கையெழுத்தும் இருக்கும். அதைத் தாண்டி நீதிமன்றத்தில் பொய் வாக்குறுதி என்று நிரூபிக்கப் பெரும் காசு வேண்டும். அது உங்களிடம் இருந்திருந்தால் என்னிடம் வந்திருக்க மாட்டீர்கள்.

ஒரு பர்கரை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். விற்கும் விலை 9.60 பவுண் என்று வையுங்கள். சூடான உணவு என்பதால் 20% வற் வரி உண்டு, 1.60 அரசாங்கத்துக்கு. மிச்சம் 8 பவுண். நிறுவனத்துக்கு 6%, விளம்பர நிதிக்கு 4% என்று வைத்தால் 80 பென்ஸ் போக 7.20. இறைச்சி, பன், பெட்டி எல்லாம் 30% என்றால் 2.40. சம்பளம் 32% என்றால் 2.56. வாடகை, உள்ளூராட்சி வரி, வளாகப் பராமரிப்புக் கட்டணம் 15% என்றால் 1.20. கையில் நிற்பது 1.04 பவுண். மின்சாரம், எரிவாயு, காப்புறுதி, அட்டைக் கட்டணம், திருத்த வேலை, வங்கி வட்டி எல்லாம் இந்த ஒரு பவுணுக்குள்தான். அதற்குப் பிறகு ஏதாவது மிஞ்சினால் உங்கள் சம்பளம். அதே பர்கர் டெலிவரி அப்பில் விற்றால், அவர்கள் 25% எடுத்தாலே 2.40 பவுண் போய்விடும். ஒவ்வொரு பெட்டியோடும் 1.36 பவுணையும் சேர்த்து அனுப்புகிறீர்கள். சதவீதங்கள் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் மாறும். உங்கள் ஒப்பந்தத்தில் உள்ளதைப் போட்டு நீங்களே பாருங்கள். ஒரு காகிதமும் பேனையும் போதும், அரை மணித்தியாலம் ஆகாது. இதைச் செய்துபார்க்காமல் மூன்று லட்சம் பவுண் கடன் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நிறுவனம் தரும் மதிப்பீட்டுத் தாளில் சம்பளச் செலவு எந்த வருடத்துடையது என்று பாருங்கள். 2024 ஏப்ரலில் 21 வயது வந்தவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 11.44 பவுண். 2025 ஏப்ரலில் 12.21. அதே மாதம் முதலாளி கட்டும் தேசியக் காப்புறுதி 13.8-இலிருந்து 15 சதவீதமானது. அதைக் கட்டத் தொடங்கும் ஆண்டுச் சம்பள எல்லை 9,100-இலிருந்து 5,000 பவுணுக்கு இறங்கியது. 21 வயது தாண்டிய பகுதிநேர ஆட்களை வைத்து ஓட்டும் பர்கர் கடையை இந்த எல்லைக் குறைப்புத்தான் அதிகம் அடித்தது. பழைய எண்களில் போட்ட தாளை அப்படியே தன் தலைப்புக் காகிதத்தில் ஏற்றி வங்கிக்குக் கொடுக்கும் கணக்காளர்கள் என் தொழிலிலும் இருக்கிறார்கள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அறிமுகப்படுத்தும் தரகருக்குக் கமிஷன் நிறுவனத்திடமிருந்துதான் வருகிறது என்பதையும் மறக்காதீர்கள்.

லிமிட்டெட் கம்பனியில்தானே செய்கிறோம், வீட்டுக்கு என்ன வரும் என்று கேட்பீர்கள். கட்டட உரிமையாளரும் வங்கியும் நிறுவனமும் தனித்தனியாகத் தனிப்பட்ட பிணை கேட்பார்கள், அதாவது கம்பனி கட்டாவிட்டால் நானே கட்டுகிறேன் என்ற உறுதி. அதில் கையெழுத்து விழுந்த நிமிடமே லிமிட்டெட் என்ற பாதுகாப்பு அந்தக் கடன்களுக்கு இல்லை. குத்தகை 15 வருடம், ஃபிரான்சைஸ் ஒப்பந்தம் 10 வருடம் என்று இருந்தால், கடைசி 5 வருடம் பெயரில்லாத கடைக்கு வாடகை கட்டுவீர்கள். அங்கே உடனே வேறு பர்கர் போடவும் முடியாமல் போகலாம், ஒப்பந்தத்தின் போட்டித் தடைப் பிரிவு தடுக்கும். குத்தகையில், வியாபாரக் குத்தகைக்காரரைக் காக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு விலக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். விலக்கியிருந்தால், தவணை முடிந்ததும் புதுப்பிக்கக் கேட்கும் உரிமை இல்லை. நீங்கள் போட்ட சமையலறையோடு கடை கைமாறும்.

மனைவிமாரிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். கணவரின் வியாபாரக் கடனுக்காகக் குடும்ப வீட்டைப் பிணை வைக்க உங்களிடம் கையெழுத்துக் கேட்கிறார்களா? சட்டத்தரணி உங்களைத் தனியாக, கணவர் இல்லாமல் உட்கார வைத்து விளக்க வேண்டும். அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 2001-இல் கொடுத்த தீர்ப்பு இது. பத்து நிமிடத்தில் முடித்துக் கையெழுத்து வாங்குகிறவர் என்றால் எழுந்து வாருங்கள். "இவர் சொன்னார், போட்டேன்" என்று என் மேசைக்கு முன்னால் அழுகிற அக்காமாரைப் பார்த்து எனக்கு மனம் விட்டுப்போகிறது. எவ்வளவு தொகைக்குப் பிணை, எல்லை உண்டா, எப்போது விடுபடலாம் என்று மூன்று கேள்வியாவது கேளுங்கள்.

இனி, ஆசையை விட முடியாதவர்கள் செய்ய வேண்டியது. அந்த நிறுவனத்தின் அமெரிக்க வெளிப்படுத்தல் ஆவணத்தைத் தேடி எடுங்கள். கலிஃபோர்னியா, மினசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களின் அரசு இணையத்தளங்களில் இலவசமாகப் பார்க்கலாம். 20-ஆம் தலைப்பை முதலில் படியுங்கள், திறந்ததும் மூடியதும் அதில்தான். இங்கே ஏற்கெனவே நடத்துகிறவர்களின் கம்பனிக் கணக்குகள் அரசின் கம்பனிப் பதிவகமான கம்பனீஸ் ஹவுஸில் காசில்லாமல் கிடைக்கும். நிறுவனம் அழைத்துப்போய்க் காட்டும் கடையை மட்டும் பார்க்காதீர்கள். திறப்பு நாள் வரிசையைப் பார்த்து முடிவெடுக்கவே எடுக்காதீர்கள். பெப்ரவரி மாதத்துச் செவ்வாய் இரவு எட்டு மணிக்குப் போய் எத்தனை மேசையில் ஆள் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஃபிரான்சைஸ் ஒப்பந்தம் பார்த்துப் பழகிய சட்டத்தரணியிடம் கொடுங்கள். வீடு வாங்க உதவிய உறவுக்காரச் சட்டத்தரணி இதற்குப் போதாது. மூன்று குடும்பம் சேர்ந்து சீட்டுக் காசில் போடுவதென்றால், ஒருவர் விலகினால் என்ன என்று முதலில் எழுத்தில் வையுங்கள். ஐந்து வருடத்தில் ஐந்து கடை திறப்போம் என்று ஒரு பிரதேசத்துக்கே எடுக்கும் உரிமை ஒப்பந்தத்துக்கு, ஒரு கடையும் நடத்திப் பார்க்காமல் தலையாட்டாதீர்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு மூச்சுத் திணறுகிறவர்கள் வெட்கப்பட்டு ஒளிக்காதீர்கள். வற் வரிக்கு ஒதுக்க வேண்டிய காசில் சம்பளம் கொடுக்கத் தொடங்கிய அந்தக் காலாண்டிலேயே உங்கள் கணக்காளரிடம் போங்கள், நாலு காலாண்டு கழித்து அல்ல. அந்த நேரத்தில் வாடகைத் தவணையைப் பேசிக் குறைக்கலாம், வரித் திணைக்களத்திடம் கால அவகாசம் கேட்கலாம், கடையை இயங்கும் நிலையிலேயே விற்கப் பார்க்கலாம். பிஸ்னஸ் டெட்லைன் என்ற தொண்டு சேவை தொலைபேசியில் இலவசமாக ஆலோசனை தருகிறது. இடையில் யாராவது அவகாசம் தருகிறோம், இந்தப் புதிய பிணையில் மட்டும் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று காகிதம் நீட்டினால், அதை வாங்கிக்கொண்டு வாருங்கள். அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள்.