கொட்டிய மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள்

சேலம் வட்டாரத்தில் பூச்சிமருந்துக் கடைகள், குடோன்கள், ஏற்காட்டு எஸ்டேட் ஸ்டோர்கள் என்று பாதுகாப்புப் பயிற்சிக்குப் போகும் இடங்களில் எல்லாம் முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன். "அஞ்சு லிட்டர் கேன் ஒண்ணு கீழே விழுந்து உடைஞ்சுபோச்சு. முதல்ல என்ன செய்வீங்க?" பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். "தண்ணி ஊத்திக் கழுவி விட்ருவோம் சார்."

அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். கொட்டிய மருந்தைவிட அதன் மேல் ஊற்றும் தண்ணீர்தான் பல நேரம் அதிகக் கெடுதல் செய்கிறது.

குளோர்பைரிபாஸ் 20 இ.சி., குயினால்பாஸ் 25 இ.சி., புரபனோபாஸ் 50 இ.சி. என்று பாட்டிலில் போட்டிருக்கும். இ.சி. என்றால் தண்ணீரில் பால் மாதிரிக் கலக்கும் திரவ மருந்து. அந்த எண் விஷத்தின் சதவீதம். மீதியில் பெரும்பகுதி சைலீன் போன்ற கரைப்பான், கூடவே எண்ணெயையும் தண்ணீரையும் ஒன்றாகக் கலக்க வைக்கும் பொருள். பயிற்சியில் இதை நேரிலேயே காட்டுவேன். வெட்டவெளியில் வைத்து, கையுறை போட்டுக்கொண்டு, ஒரு கண்ணாடி ஜாடித் தண்ணீரில் சில சொட்டு விட்டு மூடிவிடுவேன். சொட்டு விழுந்த இடத்திலிருந்து வெள்ளையாக ஒரு இழை கீழே இறங்கும், பக்கவாட்டில் விரியும். ஜாடியை ஒரு ஆட்டு ஆட்டினால் போதும், மொத்தத் தண்ணீரும் பால் மாதிரி ஆகிவிடும். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தினமும் டேங்கில் மருந்து கலக்குகிறவர்கள்தான். ஆனாலும் தரையில் கொட்டியதும் இதேதான் செய்யும் என்று யோசித்திருக்க மாட்டார்கள்.

தரையில் தேங்கிக் கிடக்கும் ஐந்து லிட்டரை நாலைந்து சட்டி காய்ந்த மண்ணால் பிடித்து நிறுத்திவிடலாம். ஓஸ் பைப்பைத் திருப்பினால் அதுவே ஐம்பது, நூறு லிட்டர் வெள்ளைத் தண்ணீராகிச் சாக்கடையில் இறங்கும். சேலம் ஊருக்குள் என்றால் திருமணிமுத்தாற்றுப் பக்கம் போகும். ஏற்காட்டில் இன்னும் மோசம். அங்கே எல்லாமே சரிவு. ஸ்டோர் வாசலில் கழுவி விட்டது காப்பிச் செடிகளுக்கு நடுவே இறங்கி ஓடையில் சேரும், கீழே ஊற்றுத் தண்ணீர் பிடிக்கிற வீடுகளுக்கும் போகலாம். குளோர்பைரிபாஸும், சைபர்மெத்ரின் என்ற இன்னொரு பூச்சிமருந்தும் மிகக் கொஞ்சமாகக் கலந்தாலே மீன்கள் செத்துவிடும்.

அடுத்தது தீ. விஷம் என்று பயப்படுகிறவர்கள்கூட இந்த மருந்து எரியும் என்பதை மறந்துவிடுகிறார்கள். சைலீனின் ஆவி தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளத் தொடங்கும் வெப்பநிலை சுமார் 27 டிகிரி. சித்திரை மாதத்துச் சேலத்தில், தகரக் கூரை போட்ட குடோனுக்குள் எத்தனை டிகிரி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லா மருந்திலும் சைலீன் இருக்காது, கனமான கரைப்பான்கள் அவ்வளவு சுலபமாகப் பற்றாது. ஆனால் கேன் உடைந்த நேரத்தில் எது எது என்று ஆராய்ந்துகொண்டிருக்க முடியாது. எரியும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, சாக்கடை வழியாகப் பக்கத்து டீக்கடை அடுப்பு வரைக்கும் போய்ச் சேரும். அதனால் பீடி, அடுப்பு மட்டுமல்ல, சுவிட்சும் ஆபத்து. வாடை போகட்டும் என்று அந்த அறைக்குள்ளேயே நின்று ஃபேனைப் போடாதீர்கள். எரிகிற மின்விளக்கை அணைக்கவும் வேண்டாம். கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். வாசலில் நிற்கும் பைக்கை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு போங்கள்.

சரி, என்னதான் செய்வது? முதலில் ஆட்களை விலக்குங்கள். அப்புறம், காலில் படாமல் கேனை எட்ட முடிந்தால் ஓட்டை மேலே வரும்படி நிமிர்த்தி, பெரிய பிளாஸ்டிக் வாளிக்குள் இறக்கி வையுங்கள். மருந்து எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கத்துச் சாக்கடை வாயை முதலில் அடைத்து, காய்ந்த மண்ணாலோ மணலாலோ கரை கட்டுங்கள். நடுவில் மண்ணைக் கொட்டுவது அதற்குப் பிறகுதான். கைக்குக் கிடைக்கிறதே என்று மரத்தூள், தென்னை நார்க்கழிவு, காப்பித் தொலியைப் போடுகிறார்கள். நன்றாகத்தான் உறிஞ்சும், ஆனால் அவையும் எரியும். பிளீச்சிங் பவுடர் தூவவே கூடாது, கரைப்பானோடு சேர்ந்தால் அதுவே தீப்பற்ற வைக்கலாம். மண் உறிஞ்சியதும் பிளாஸ்டிக் முறத்தால் அள்ளுங்கள். இரும்பு மண்வெட்டி சிமெண்ட் தரையில் உரசினால் பொறி பறக்கும். மறுபடி ஒரு தடவை மண் போட்டு அள்ளிவிட்டு, கடைசியாகச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியையும் மண்ணோடு மூடியுள்ள டிரம்மில் போட்டு, வெளியே பெரிய எழுத்தில் 'விஷம்' என்று எழுதி வையுங்கள். கொளுத்துவதோ, பள்ளத்தில் தட்டுவதோ, கிணற்றோரம் புதைப்பதோ கூடாது. லேபிளில் உள்ள கம்பெனி எண்ணில் கூப்பிட்டு, வேளாண்மை அலுவலகத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் சொல்லி, அவர்கள் வழிகாட்டும் வரை அந்த டிரம்மைத் தனியாகப் பூட்டி வையுங்கள்.

இது ஒரு கேன் அளவுக்குத்தான். டிரம் உடைந்தாலோ, அறை முழுக்க வாடை அடித்தாலோ 101-க்குப் போன் போடுங்கள், உள்ளே போகாதீர்கள். சின்ன வேலைக்கே நைட்ரைல் கையுறை, ரப்பர் பூட்ஸ், கண்ணாடி, ஆவியை வடிகட்டும் கேட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். கொரோனா காலத்து மாஸ்க் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான். பல குடோன்களில் இந்த வேலைக்கு அனுப்பப்படுவது இருப்பதிலேயே கூலி குறைந்த ஆள், லுங்கியும் வெறுங்காலுமாக. கவசம் வாங்கிக் கொடுக்க முடியாத முதலாளி அந்தச் சரக்கை இறக்கியே இருக்கக் கூடாது.

தண்ணீர் தாராளமாக வேண்டிய இடம் உடம்பு. மேலே பட்டால் துணியைக் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டு, குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணுக்கும் அதே 15 நிமிடம். தோல் செருப்பு, தோல் பெல்ட் மருந்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், மறுபடி போடாதீர்கள். வாய்க்குள் போயிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், கரைப்பான் நுரையீரலுக்குள் போய்விடும். எச்சில் ஒழுகுவது, அளவில்லாத வியர்வை, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவது, சதை துடிப்பது, மூச்சுத் திணறல் எல்லாம் குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகை விஷத்தின் அடையாளங்கள். தோல் வழியாகப் போன விஷம் சில மணி நேரம் கழித்தும் வேலையைக் காட்டும். 108-ஐ அழையுங்கள், லேபிளையும் கூடவே கொடுத்து அனுப்புங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால் மருத்துவரின் பாதி வேலை முடிந்தது.

ஏற்காட்டு மலைப்பாதையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அடிவாரத்திலிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். குட்டியானை வண்டியில் அரிசி மூட்டையும் மருந்துக் கேனும் ஒன்றாகப் போவதை நானே பார்த்திருக்கிறேன். 1958-ல் உணவுப் பொருளோடு சேர்த்து ஏற்றிவந்த பாரத்தியான் மருந்து கசிந்து, கோதுமையில் கலந்து, கேரளத்தில் 100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் 1968-ன் பூச்சிக்கொல்லிச் சட்டம். 1971-ன் விதிகளில் 35-வது விதி, மருந்து உணவுப் பொருளையோ தீவனத்தையோ தொடும்படி ஏற்றவும் வைக்கவும் கூடாது என்கிறது. கசிந்தால் விஷம் பரவாமல் தடுக்கும் பொறுப்பு ஏற்றி வந்தவருக்கும் குடோன்காரருக்கும் என்றும் சொல்கிறது. மருந்து பட்ட அரிசியைத் தட்டி உதறி விற்றுவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வளைவில் வண்டி சாய்ந்தால் இன்ஜினை நிறுத்தி, காற்று வரும் திசையில், மேட்டுப் பக்கம் போய் நில்லுங்கள். டிரம்மில் 3017 என்ற எண் இருந்தால் அது எரியக்கூடிய ஆர்கனோபாஸ்பேட் திரவம். நாலா பக்கமும் குறைந்தது 50 மீட்டருக்கு யாரும் வரக் கூடாது. டேங்கர் தீப்பிடித்தால் அது 800 மீட்டர். வந்து சேரும் தீயணைப்பு வீரர்களிடம் கீழே எங்கே ஓடை இருக்கிறது என்று காட்டுங்கள். 1986 நவம்பர் 1-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் அருகே பூச்சிமருந்துக் கிடங்கு எரிந்தபோது, தீயை அணைத்த தண்ணீர்தான் விஷத்தை ரைன் ஆற்றுக்குள் கொண்டுபோய், நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு மீன்களைக் கொன்றது. நுரையும் உலர்பொடியும் இருந்தால் அவற்றைத்தான் முதலில் பயன்படுத்துவார்கள். தண்ணீர் அடித்தே ஆக வேண்டும் என்றால், அது கீழே ஓடாமல் அணை கட்ட ஊர்க்காரர்கள் மண் கொண்டுவந்து கொடுக்கலாம்.

கடையிலும் ஸ்டோரிலும் வாசலுக்கு வெளியே இரண்டு வாளி மணல், ஒரு பிளாஸ்டிக் முறம், மூடியுள்ள காலி டிரம் வைத்திருங்கள். உள்ளே வைத்தால் வேண்டிய நேரத்தில் எடுக்க முடியாது. அட்டைப்பெட்டிக்குள் வரும் துண்டுச்சீட்டில் தமிழிலேயே முதலுதவி இருக்கும், அதைக் கிழித்துப் போடாமல் சுவரில் ஒட்டுங்கள். ஏற்காட்டில் மழைக்காலத்தில் மணல் வாளியை மூடியே வையுங்கள். ஈரமான மணல் மருந்தைப் பிடிக்காது.