பொம்மை செதுக்கும் விரல்களுக்கு எபாக்சியும் ரெசினும் செய்வது என்ன?

மூன்றே முக்கால் அங்குல உயரமுள்ள ஒரு விண்வெளி வீரர் பொம்மையின் தலையைக் கழற்றி வேறொரு பொம்மையின் உடலில் பொருத்தி, மாடல் கிட்டில் மிஞ்சிய பீரங்கித் துண்டுகளை ஒட்டி முதுகுக் கவசம் அமைத்து, புட்டி என்னும் பிசைந்து இறுகவிடும் பொருளால் மேலங்கி வார்த்து, வண்ணம் தீட்டி, கடையில் எங்கும் கிடைக்காத ஒரு பாத்திரத்தை உருவாக்குவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் நம்மூரிலும் இருக்கிறார்கள். கஸ்டமைசிங் என்றும் கிட்பேஷிங் என்றும் அவர்கள் சொல்லும் இந்தக் கலை பொறுமையும் நுட்பமும் கேட்பது; அதன் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால், தோல் மருத்துவரான என்னிடம் அவர்களில் சிலர் வந்து சேர்வது விரல் நுனிகள் வெடித்து, இமைகள் வீங்கிய பிறகுதான். முன்கூட்டியே தெரிந்திருந்தால் இவற்றில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

இந்த அளவுப் பொம்மைகளைப் பெருவழக்காக்கியவை 1978இல் கென்னர் நிறுவனம் வெளியிட்ட ஸ்டார் வார்ஸ் உருவங்கள். 1982இல் ஹாஸ்ப்ரோ இதே அளவில் ஜி.ஐ. ஜோ வரிசையைக் கொண்டுவந்தபோது, முதுகில் ஒரு திருகாணி, உள்ளே இடுப்பையும் உடலையும் இழுத்துப் பிடிக்கும் ஒரு ரப்பர் வளையம் என்று அமைப்பை மாற்றியது. ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். கை வேறு, கால் வேறு, மார்பு வேறு என்று பிரித்து, விரும்பியபடி மாற்றிக் கோக்கலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல் இதே வரிசையை இந்தியாவில் தயாரித்தது. அமெரிக்கப் பதிப்பில் காணாத நிறங்களில் வந்த அந்த உருவங்களை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுகிறார்கள். அந்த நாளில் பொம்மையை மாற்றியமைக்க ஸ்க்ரூடிரைவரும் கொஞ்சம் பெயிண்டும் இருந்தால் போதும். இப்போது மேசையில் இருப்பவை இரண்டு பகுதிகளைக் கலந்தால் இறுகும் எபாக்சி புட்டி, 3டி பிரிண்டருக்கான திரவ ரெசின், ஐசோபுரோபைல் ஆல்கஹால், சூப்பர் க்ளூ, தின்னர். தொழிற்சாலையில் இவற்றைக் கையாள்பவருக்குக் கையுறையும் காற்றுப்போக்கியும் பயிற்சியும் தருகிறார்கள். படுக்கையறை மேசையில் அவற்றில் எதுவும் இருப்பதில்லை. பொம்மை சிறியது என்பதால் ஆபத்தும் சிறியது என்று தோன்றிவிடுகிறது. உண்மையில், உருவம் சிறியதாக இருப்பதால்தான் எல்லா வேலையையும் விரல் நுனியில், முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் செய்ய வேண்டியிருக்கிறது.

பகலில் கணினி வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் வந்திருந்தார். வலது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் நுனிகள் மட்டும் வறண்டு, தோல் உரிந்து, கோடு கோடாக வெடித்திருந்தன. மற்ற இரண்டு விரல்களும் நன்றாக இருந்தன. இப்படி மூன்று விரல் நுனிகள் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால், அந்த மூன்று விரல்களும் சேர்ந்து எதைப் பிடிக்கின்றன என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. அலுவலக வேலையைப் பற்றிக் கேட்டு விடை கிடைக்கவில்லை. விடுமுறை நாட்களில் கைகளால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது கிடைத்தது. ஒரு வீரரின் தலைக்கவசத்திலிருந்து மார்புக் கருவிக்குச் செல்லும் மெல்லிய குழாயை, எபாக்சி புட்டியை நூல் போல உருட்டிச் செய்துகொண்டிருந்தார். மேற்பரப்பு வழவழப்பாக வர, விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி நீவுவாராம். இந்தப் பழக்கம் இவருக்கு மட்டும் உரியதன்று. பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சந்தேகத்துக்குரிய பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்டில் அவருக்கு எபாக்சி ரெசின் ஒவ்வாமை உறுதியானது.

குழாய் ஒழுகினால் வீட்டில் பிசைந்து அடைக்கும் எம்-சீலும், சிற்ப வேலைக்கென விற்கும் விலையுயர்ந்த புட்டிகளும் ஒரே எபாக்சி குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டு பட்டைகளில் ஒன்றில் எபாக்சி ரெசினும், மற்றொன்றில் அதைக் கெட்டிப்படுத்தும் அமீன் வகைப் பொருளும் இருக்கும். கெட்டிப்படுவதற்கு முன் இந்த மூலக்கூறுகள் மிகச் சிறியவை. தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே சென்று, உடலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்கின்றன. நோய் எதிர்ப்பு மண்டலம் அவற்றை அந்நியம் என்று ஒருமுறை பதிவு செய்துகொண்டால் அந்த நினைவு பொதுவாக வாழ்நாள் முழுவதும் இருக்கும். பதிவாக இரண்டு வாரமும் ஆகலாம், இரண்டு ஆண்டும் ஆகலாம். அதனால்தான் நோயாளிகள், "இத்தனை நாளாகப் பயன்படுத்துகிறேன் டாக்டர், ஒன்றும் ஆகவில்லையே" என்கிறார்கள். பதிவான பிறகு, தொட்ட ஓரிரு நாளில் அரிப்பும் கொப்புளமும் வரும். அப்போது மிகச் சிறிய அளவே போதும்.

ஆகவே புட்டியை வெறும் விரலால் பிசையாதீர்கள். கையுறையுடன் பிசையுங்கள், நீவுவதற்குச் சிலிகான் முனைக் கருவியைத் தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்துங்கள். தொட்டால் கெட்டியாகத் தெரிகிறது என்பதற்காக அன்றே உப்புத்தாள் போடாமல், குறைந்தது ஒரு முழு நாளாவது ஆற விடுங்கள். அரைகுறையாக இறுகிய புட்டியின் தூள் முகத்தில் படியும்போது இமைகள், காதின் பின்புறம், தாடையின் அடிப்பகுதி ஆகியவை சிவந்து தடிக்கின்றன. வெயிலால் வரும் அழற்சி, நிழல் விழும் இந்த இடங்களை விட்டுவைக்கும் என்பதால், இவை பாதிக்கப்பட்டிருப்பதைப் பார்த்ததுமே காற்றில் வந்த பொருளைத்தான் நாங்கள் சந்தேகிப்போம்.

3டி பிரிண்டர் ரெசின் இதைவிடக் கவலை தருவது. பல வீட்டு பிரிண்டர்கள் 405 நானோமீட்டர் அலைநீள ஊதா ஒளியில் இறுகும் அக்ரிலேட் திரவத்தைப் பயன்படுத்துகின்றன. தலை, ஆயுதம், கவசம் என்று எதை வேண்டுமானாலும் அச்சிட முடிவதால் ஆர்வலர்கள் அதை விரும்புவது இயல்பு. ஆனால் ஒளி படாத திரவ நிலையில் அக்ரிலேட்டுகள் தோல் ஒவ்வாமையைத் தூண்டுவதில் பேர்பெற்றவை. பிரிண்டரிலிருந்து எடுத்த உருவத்தின் மேல் பிசுபிசுப்பாக இருப்பதும், கழுவிய ஆல்கஹாலில் கரைந்திருப்பதும் அதே திரவம்தான். தண்ணீரில் கழுவத்தக்கது என்று விற்கும் ரெசினைப் பலர் பாதுகாப்பானது என்று நம்பிவிடுகிறார்கள். அதிலும் இருப்பது அக்ரிலேட்டே. தண்ணீரோடு கலக்கும்படி செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தக் கழுவுநீரைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றவும் கூடாது. வெயிலில் வைத்து ரெசின் முழுவதும் இறுகிப் படிந்த பிறகு வடிகட்டி, படிவைத் திடக்கழிவாக அகற்ற வேண்டும்.

கையுறை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதை அணிந்தவர்களுக்கே ஒவ்வாமை வருவதைப் பார்க்கிறேன். லேட்டக்ஸ் கையுறை அக்ரிலேட்டைத் தடுக்காது. மெல்லிய நைட்ரைல் கையுறையும் சில நிமிடங்களே தடுக்கும். அதன்மேல் ஆல்கஹாலோ அசிட்டோனோ பட்டால் ஊடுருவல் இன்னும் விரைவாகும். நைட்ரைல் அணிவதானால் இரண்டு அடுக்காக அணிந்து, ரெசின் தெறித்த உடனே மேலடுக்கைக் கழற்றி எறியுங்கள். கழற்றியதை உலர்த்தி மறுநாள் அணிவது வெறுங்கையைவிடக் கெடுதல், ஏனெனில் உள்ளே புகுந்த ரெசின் வியர்வையோடு தோலில் அழுந்திக் கிடக்கும். நெடுநேர வேலைக்குப் பல அடுக்கு லேமினேட் கையுறையை உள்ளே அணிந்து, பிடிமானத்துக்கு மேலே நைட்ரைல் அணிவதே நான் பரிந்துரைப்பது. கையுறையோடு செல்பேசியைத் தொட்டு, பிறகு அதே செல்பேசியைக் கன்னத்தில் வைத்துப் பேசிக் கன்னத்தில் தடிப்போடு வருபவர்களும் உண்டு. தோலில் ரெசின் பட்டுவிட்டால், காய்ந்த காகிதத்தால் துடைத்துவிட்டுச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். ஆல்கஹாலும் தின்னரும் தோலின் பாதுகாப்பு எண்ணெயைக் கரைத்து, ரெசின் உள்ளே போக வழிவிடுகின்றன.

தடிப்பு வந்ததும் மருந்துக்கடையில் காட்டி, படர்தாமரைக்கான கலவைக் களிம்பை வாங்கிப் பூசுவது நம்மூரில் சாதாரணம். அவற்றில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. பூசினால் இரண்டு நாளில் அடங்கும், விட்டால் திரும்பும். காரணப் பொருளோ மேசையிலேயே இருக்கும். மாதக்கணக்கில் இமையில் பூசினால் தோல் மெலிவதோடு கண் அழுத்தமும் உயரக்கூடும். இந்தப் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அக்ரிலேட் ஒவ்வாமை பொழுதுபோக்கோடு முடிந்துவிடுவதில்லை. பல் அடைக்கும் காம்போசிட், மூட்டு அறுவை சிகிச்சையில் பயன்படும் எலும்பு சிமென்ட், ஜெல் நகப்பூச்சு, நீரிழிவு நோயாளிகள் கையில் ஒட்டிக்கொள்ளும் சில குளுக்கோஸ் சென்சார்களின் பசை ஆகியவற்றிலும் அக்ரிலேட் வகைப் பொருட்கள் உள்ளன. முப்பது வயதில் ஒரு பொம்மைக்காக ஏற்பட்ட ஒவ்வாமை, அறுபது வயதில் ஒரு சிகிச்சைக்கு இடையூறாகலாம். ஒவ்வாமை உறுதியானவர்கள் பல் மருத்துவரிடமும் எலும்பு மருத்துவரிடமும் அதை மறவாமல் சொல்ல வேண்டும்.

அதற்காக நான் யாரையும் இந்தக் கலையை விட்டுவிடச் சொல்வதில்லை. உறுப்புகளை மாற்றிக் கோப்பதற்கு ரெசின் தேவையில்லை. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி அடுக்கியே அழகான கவசங்கள் செய்கிறார்கள். ட்யூபிலும் குப்பியிலும் வரும் நீர் அக்ரிலிக் வண்ணங்களில் மூலக்கூறுகள் முன்பே நீண்ட சங்கிலியாக இணைந்துவிட்டவை என்பதால், ரெசின் ஒவ்வாமை உள்ளவர்களும் பொதுவாக அவற்றைப் பயன்படுத்தலாம். அவற்றிலுள்ள ஐசோதயசோலினோன் வகைப் பதப்பொருள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்குவது அதனாலும் வேண்டாம்.

ஒவ்வாமைக்கு அப்பாற்பட்ட இரண்டு செய்திகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சூப்பர் க்ளூ பருத்தித் துணியில் கொட்டினால் சட்டென்று கடும் வெப்பம் எழும். மடியில் சிந்தியவருக்குத் தொடையில் தீக்காயம் ஏற்படலாம். வேலை செய்யும்போது மடியை மறைக்கும், பருத்தி அல்லாத ஏப்ரன் அணியுங்கள். என்95 முகக்கவசம் தூளைத் தடுக்குமே தவிர, ஸ்ப்ரே பெயிண்டின் ஆவியைத் தடுக்காது. அதற்கு ஆவியை உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய சுவாசக் கவசம் தேவை.

மருத்துவரிடம் வரும்போது புட்டி, ரெசின், பசை ஆகியவற்றின் லேபிள்களைப் படம் எடுத்து வாருங்கள். தயாரிப்பாளர் வெளியிடும் பாதுகாப்புத் தரவுத் தாள் கிடைத்தால் அதையும் கொண்டு வாருங்கள். பேட்ச் டெஸ்டில், மிகவும் நீர்க்கச் செய்த பொருட்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்போம். பிறகு ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்ப்போம். எபாக்சியை ஒரே ஒரு சதவீத அளவில்தான் வைக்கிறோம். ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்ப்பதற்காக வீட்டிலேயே ரெசினையோ புட்டியையோ முழங்கையில் தடவிப் பார்க்காதீர்கள். அதுவரை ஒவ்வாமை இல்லாதவருக்கும் அந்த ஒரு சோதனையே அதை உண்டாக்கிவிடக்கூடும்.